ஹல்காவிலிருந்து அரங்குக்கு: மொரோக்கோவின் கரண வித்தையும் புதிய சர்க்கஸும்

ஹல்கா என்றதும் நமக்கு நினைவு வருவது திக்ரு மஜ்லிஸ். வட்டமாக இருந்து ஓதுவதும், உஸ்தாதைச் சுற்றி இருந்து பாடம் கேட்பதும் ஹல்காதான். மொரோக்கோவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. சந்தையிலோ கோட்டை வாசலிலோ ஒருவர் நின்று கதை சொல்லத் தொடங்குகிறார். இன்னோரிடத்தில் ஒருவர் மேளம் தட்ட, நாலு பொடியன்மார் கரணம் அடிக்கிறார்கள். போற வாற சனம் நின்று பார்க்கிறது. நின்றவர்கள் தாமாகவே ஒரு வட்டமாகி விடுகிறார்கள். அந்த வட்டத்துக்கும் பெயர் ஹல்காதான். மராக்கேஷ் நகரத்தின் ஜாமிஉல் ஃபனா திடலில் இன்றும் அந்தியானால் இப்படிப் பல ஹல்காக்கள் கூடுகின்றன. 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்தத் திடலின் வாய்மொழிக் கலை மரபை மனிதகுலத்தின் அரும்பெரும் சொத்துக்களில் ஒன்றாக அறிவித்தது. மராக்கேஷில் வாழ்ந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கொய்திசோலோவின் விடாத முயற்சி அதற்குப் பின்னால் இருந்தது.

2016ஆம் ஆண்டு, மொரோக்கோவின் வட முனையிலுள்ள டான்ஜியர் நகரத்துக் கரணக் குழு ஒன்று தன்னுடைய புதிய படைப்புக்கு 'ஹல்கா' என்றே பெயர் வைத்தது. அரபியில் இந்த ஊரின் பெயர் தன்ஜா. 1344இல் நம் தீவுக்கு வந்து பாவாதமலை ஏறிய இப்னு பதூதாவின் சொந்த ஊர் அதுதான். சந்தையில் சில்லறைக் காசுக்கு ஆடிய வித்தை, ஐரோப்பாவின் பெரிய அரங்குகளில் டிக்கெட் போட்டுப் பார்க்கும் கலையாக ஆகியிருக்கிறது. இது எப்படி நடந்தது? இதில் அந்த மக்களுக்குக் கிடைத்தது என்ன, கைவிட்டுப் போனது என்ன? இந்தக் கட்டுரை அதைத்தான் பார்க்கப் போகிறது.

வலியுல்லாஹ்வின் பிள்ளைகள்

மொரோக்கோவின் கரண வித்தைக்காரர்களை 'அவ்லாத் ஸீதி அஹ்மத் உ மூஸா' என்று சொல்வார்கள். 'ஸீதி அஹ்மத் உ மூஸாவின் பிள்ளைகள்' என்று பொருள். அவருடைய இரத்த வாரிசுகள் என்பதல்ல இதன் கருத்து. அவரைத் தங்கள் தொழிலுக்குக் காவலான வலியாகக் கொண்டவர்கள் என்பதே.

ஸீதி அஹ்மத் உ மூஸா 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பெரிய ஸூஃபி. தெற்கு மொரோக்கோவின் ஸூஸ் பகுதியில், தஸர்வால்த் என்ற இடத்தில் அவருடைய ஸியாரம் இருக்கிறது. அவர் பிறந்த ஸம்லாலா கோத்திரம் நமக்கு முற்றிலும் புதிய பெயரல்ல. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் 'தலாயிலுல் ஹைராத்' என்ற ஸலவாத்துத் தொகுப்பைத் தந்த இமாம் ஜஸூலி (ரஹ்) அவர்களும் அதே கோத்திரத்தவர்தான். ஸீதி அஹ்மத் அந்த ஜஸூலிய்யா ஆன்மிக வழியில் வந்தவர். ஆண்டுதோறும் அவருடைய ஸியாரத்தில் 'மூஸிம்' என்ற பெருங்கூட்டம் நடக்கிறது. நம்மட கந்தூரியைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள்: ஓதலும் இருக்கும், சந்தையும் இருக்கும், சாப்பாடும் இருக்கும்.

ஒரு ஸூஃபிக்கும் கரணம் அடிப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வாய்மொழி வரலாறுகள் இதற்குப் பல விடைகளைச் சொல்கின்றன. வில்வித்தையும் போர்ப்பயிற்சியும் கற்ற சகோதரத்துவக் குழுக்களிலிருந்து இந்த வித்தை வந்தது என்பது ஒன்று. ஆளுக்கு மேல் ஆள் ஏறி நிற்பது கோட்டை மதிலைத் தாண்டவும் தொலைவிலுள்ள பகைவரைப் பார்க்கவும் பழகிய உத்தி என்பது இன்னொன்று. இவற்றில் எது சரி என்று முடிவு கட்டுவதைவிட, அந்த மக்கள் தங்கள் வித்தையை எப்படி நினைத்துக் கொண்டார்கள் என்பதுதான் முக்கியம். அவர்களுக்கு இது வெறும் வேடிக்கை அல்ல. கீழே விழுந்தால் கழுத்து முறியக்கூடிய தொழில் இது. அப்படிப்பட்ட தொழிலைச் செய்கிறவன் ஒரு பெரியாரின் பரக்கத்தை நாடுவதும், துஆ கேட்டுவிட்டு வட்டத்துக்குள் இறங்குவதும் விளங்கக்கூடிய விசயம். கடலுக்குப் போகிறவர்களும் அதைத்தானே செய்கிறார்கள்.

வட்டமும் கோபுரமும்

நாம் தொலைக்காட்சியில் பார்க்கிற ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் வீரர் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நேர்கோட்டில் ஓடிக் கரணம் அடிப்பார். மொரோக்கோவின் வித்தைக்காரர் பெரும்பாலும் வட்டமாகச் சுற்றி வருவார். கைகளை ஊன்றி, சக்கரம் உருள்வதுபோலப் பக்கவாட்டாகச் சுழன்று கொண்டே போவது அவருடைய தனி அடையாளம். காரணம் எளிது. சனம் நாலு பக்கமும் நிற்கிறது. யாருக்கும் முதுகைக் காட்ட முடியாது. இடமும் சின்னது. ஆகவே வட்டத்தின் ஓரத்தோடு சுழன்றால்தான் நீண்ட ஓட்டம் கிடைக்கும். கீழே மெத்தை இல்லை. மண் தரை, அல்லது கடற்கரை மணல். மணலில் பழகிய கால்களுக்குத் தள்ளும் பலம் அதிகம் வேண்டும். அந்தப் பலம் பிறகு அரங்கின் பலகைத் தரையில் பெரிய உயரமாக வெளிப்படுகிறது.

மற்றது மனிதக் கோபுரம். அடியில் நிற்பவர் குழுவிலேயே பலசாலி. அவருடைய தோளிலும் தொடையிலும் இடுப்பிலும் மற்றவர்கள் ஏறிக் கொள்வார்கள். உச்சியில் எப்போதும் ஒரு சின்னப் பிள்ளை. பார்ப்பவர் கண் அந்தப் பிள்ளையில் இருக்கும். ஆனால் கோபுரம் நிற்பது அடியில் உள்ளவரின் மூச்சில். அவர் பாரத்தைத் தசையால் தாங்குவதில்லை, எலும்பால் தாங்குகிறார். முதுகெலும்பு நிமிர்ந்து, பாதம் அகன்று, பாரம் நேராகத் தரைக்கு இறங்க வேண்டும். மேலே உள்ளவர் தன் சமநிலையைத் தானே சரி செய்யப் போகக்கூடாது. கீழே உள்ளவர்தான் சரி செய்வார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சரி செய்யப் போனால் கோபுரம் சரியும். உச்சியில் நிற்கும் பிள்ளை முதலில் கற்கும் பாடம், அசையாமல் நம்புவது.

இந்த இடத்தில் மேற்கத்திய சர்க்கஸின் வட்டத்தையும் பார்த்துவிடலாம். நவீன சர்க்கஸைத் தொடங்கியவர் என்று சொல்லப்படும் பிலிப் ஆஸ்ட்லி 1768இல் லண்டனில் குதிரை வித்தை காட்டியவர். அவருடைய வளையம் நாளடைவில் 42 அடி விட்டம் என்று நிலைபெற்றது. ஓடுகிற குதிரையின் முதுகில் ஒருவர் நிற்க அந்த அளவு பொருத்தமாக இருந்தது. அந்த வட்டம் குதிரைக்காக வரையப்பட்டது. ஹல்கா பார்க்க வந்த மனிதரால் உண்டாவது. சனம் கூடினால் வட்டம் பெருக்கும். சனம் கலைந்தால் வட்டமே இல்லை.

தோலும் இரும்பும்

இசை இல்லாத ஹல்கா இல்லை. அடிப்படைக் கருவி 'பெந்தீர்'. நம்முடைய பக்கீர் பாவாமார் கையில் இருக்கும் றப்பானின் உறவுக்காரன் என்று சொல்லலாம்: மரவளையத்தில் தோல் பூட்டிய மேளம். ஒரு வேறுபாடு, பெந்தீரின் தோலுக்கு அடியில் நரம்பு இழுத்துக் கட்டியிருப்பார்கள். தட்டும்போது ஓசையோடு ஒரு அதிர்வும் சேர்ந்து வரும். அதோடு நாதஸ்வரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த 'ஃகைத்தா' என்ற ஊதுகருவியும் சேரும். திறந்த வெளியில் தூரத்துக்குக் கேட்கும் குரல் அதனுடையது.

மூன்றாவது, ஃகினாவா இசை. சஹாராவுக்குத் தெற்கேயிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் வளர்த்த இசை இது. மூன்று நரம்புகள் கொண்ட, தோல் போர்த்திய 'கெம்ப்ரி' என்ற கருவி அடித்தொனியைத் தரும். 'கராகிப்' என்ற இரும்புத் தாளங்கள் இரண்டு கைகளிலும் கலகலக்கும். அந்த ஓசையை அடிமைச் சங்கிலியின் ஓசையோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். ஃகினாவாக்கள் தங்கள் ஆன்மிக முன்னோராகக் கொண்டாடுவது ஸெய்யிதுனா பிலால் (ரழி) அவர்களை. எஸ்ஸவீரா நகரத்தில் அவர்களுடைய ஸாவியா அவர் பெயரால்தான் இருக்கிறது. அடிமையாக இருந்து முதல் முஅத்தின் ஆன ஒருவரைத் தங்கள் தலைவராக அவர்கள் வைத்துக் கொண்டதன் கருத்தை விளக்கத் தேவையில்லை. 2019இல் ஃகினாவா மரபும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நடனங்களிலும் இதே போலப் பல உண்டு. மேற்கு அட்லஸ் மலைகளின் 'தஸ்கிவீன்' ஒரு போர் நடனம். அலங்கரித்த கொம்பு ஒன்றை ஏந்தி, மேளத்துக்கும் குழலுக்கும் தோள்களைக் குலுக்கி ஆண்கள் வரிசையாக ஆடுவார்கள். பழகும் இளைஞர் குறைந்து போவதால் 2017இல் யுனெஸ்கோ இதை உடனே பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் வைத்தது.

இசைக்கும் கரணத்துக்கும் உள்ள உறவு முக்கியமானது. பழைய பாணி ஐரோப்பிய சர்க்கஸில் வாத்தியக் குழு வித்தைக்காரரைப் பின்தொடரும். அவர் தாவினால் டிரம் உருளும். அவர் இறங்கினால் தாளம் மோதும். ஹல்காவில் மேளம்தான் முன்னே போகிறது. அது வேகமெடுத்தால் கரணமும் வேகமெடுக்க வேண்டும். கோபுரம் கட்டும்போது எல்லோரும் சேர்ந்து பாடுவது அழகுக்கு மட்டுமல்ல. பாட்டின் அடி எங்கே முடிகிறதோ அங்கே எல்லோரும் ஒன்றாக மூச்சு விடுகிறார்கள். பாடும் குழு மூச்சைப் பகிர்ந்து கொள்ளும் குழு.

கப்பல் ஏறிய வித்தை

இந்த வித்தைக்காரர்கள் ஐரோப்பாவுக்குப் போனது இன்று நேற்று அல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் லண்டனிலும் பரிஸிலும் அமெரிக்காவிலும் ஆடினார்கள். சுவரொட்டிகளில் அவர்களை 'அரபிகள்', 'பதவிகள்' என்று போட்டார்கள். உண்மையில் அவர்களில் பெரும்பாலோர் அமாஸிக் மொழி பேசிய மலைநாட்டு மக்கள். பார்ப்பவருக்குப் பாலைவனமும் ஒட்டகமும் வேண்டியிருந்தது. ஆகவே முதலாளிமார் அந்த வேஷத்தைக் கொடுத்தார்கள். இன்றும் ஜிம்னாஸ்டிக்ஸில் பின்புறம் தாவி அரைச் சுற்றுத் திரும்பி முன்கரணமாக முடிக்கும் ஓர் அசைவுக்கு 'அரேபியன்' என்றுதான் பெயர். அதைப் பழகும் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது என்று தெரியும்?

இந்தப் பயணத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. சின்னப் பிள்ளைகள் குழுத் தலைவரிடம், அதாவது முகத்தமிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். வளர்ந்து வேறு வழி தேடும் வரை அவர்களுடைய உழைப்பு அவருக்கே சொந்தம். அன்னிய நாட்டில் ஒப்பந்தம் முறிந்தால் கையில் காசும் இல்லை, ஊருக்குத் திரும்ப வழியும் இல்லை. ஆகவே பழைய மரபு என்றால் எல்லாம் பொன் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. பரக்கத்தும் அதில் இருந்தது, பிள்ளைகளின் கண்ணீரும் அதில் இருந்தது.

தன்ஜாவின் குழு

1970களிலிருந்து பிரான்ஸில் சர்க்கஸ் மாறத் தொடங்கியது. மிருகங்கள் போயின. ஒன்றின் பின் ஒன்றாக வித்தை காட்டி அறிவிப்பாளர் கைதட்டல் கேட்கும் முறையும் போனது. நாடகத்தையும் நடனத்தையும்போல, ஒரு கருத்தை எடுத்து உடலால் சொல்வதுதான் புதிய சர்க்கஸ் ஆனது. 1985இல் ஷாலோன் நகரத்தில் பிரெஞ்சு அரசு இதற்கென்று ஒரு தேசிய நிலையமே தொடங்கியது.

மொரோக்கோவில் இந்தப் புதிய போக்கும் பழைய வித்தையும் சந்தித்த இடம் தன்ஜா. ஸனா அல்-கம்மூனி என்ற பெண்மணி 2003இல் 'தன்ஜா கரணக் குழு'வைத் தொடங்கினார். பல தலைமுறையாக இந்த வித்தையைச் செய்துவரும் ஹம்மிஷ் குடும்பத்தவர் அதன் முதுகெலும்பு. அவர்கள் பயிற்சி செய்தது தன்ஜாவின் கடற்கரையில். திருமணங்களிலும் உல்லாசப் பயணிகளின் விடுதிகளிலும் கோபுரம் கட்டிக் காட்டிக் கொண்டிருந்த ஒரு வித்தையை ஒரு முழுப் படைப்பாக ஆக்க வேண்டும் என்பதே ஸனாவின் நோக்கம்.

முதல் படைப்பு 2004இல் வந்த 'தஊப்'. துணி என்று பொருள். நாம் 'தௌப்' என்று சொல்லும் அதே சொல். பிரெஞ்சு இயக்குநர் ஒரேலியன் போரி அதை இயக்கினார். மேடையில் பெரிய துணிகள்தான் எல்லாம்: துணியே சுவர், துணியே உடை, துணியே திரை, துணியை இழுத்துப் பிடித்தால் அதுவே ஆளை மேலே எறியும் களம். வீட்டுத் துணியை விட எளிய பொருள் எது? அதிலிருந்து ஒரு முழு உலகத்தை எழுப்பினார்கள். 2009இல் 'ஷூஃப் உ ஷூஃப்'. 'பார், இன்னும் பார்' என்பது அதன் கருத்து. சுவிட்சர்லாந்தின் ஸிம்மர்மன், த பெரோ இருவரும் சேர்ந்து இயக்கியது. ஆளை விட உயர்ந்த பெட்டிகள் நகர்ந்து நகர்ந்து தன்ஜாவின் ஒடுங்கிய சந்துகளாக மாறும். உல்லாசப் பயணி பார்க்கும் தன்ஜா வேறு, அதற்குள் வாழ்பவர் பார்க்கும் தன்ஜா வேறு என்பதைச் சொல்லும் படைப்பு. 2013இல் மீண்டும் போரியின் இயக்கத்தில் 'அஸிமுத்'. வானவியலில் திசையைக் குறிக்கும் இந்த ஐரோப்பியச் சொல்லே அரபியிலிருந்து போனதுதான்.

நாம் கவனிக்க வேண்டியது: இந்த மூன்றையும் இயக்கியவர்கள் ஐரோப்பியர். உடலும் வித்தையும் மொரோக்கோவினுடையவை; அதற்கு வடிவம் கொடுத்த கண் வெளியிலிருந்து வந்தது. 2016இல் வந்த 'ஹல்கா' அந்த வகையில் ஒரு திருப்பம். அது குழுவினர் தாங்களே சேர்ந்து உருவாக்கிய படைப்பு. தங்கள் பாட்டு, தங்கள் மேளம், தங்கள் வட்டம், தங்கள் கோபுரம். பதின்மூன்று ஆண்டுகள் மற்றவர் சொல்லக் கேட்டு நின்ற பிறகு, நாங்கள் யார் என்று நாங்களே சொல்கிறோம் என்பதுபோல.

2020இல் 'ஃபீக்' வந்தது. 'எழும்பு, விழித்துக்கொள்' என்பது பொருள். இதில் இயக்குநர் மீண்டும் பிரான்ஸைச் சேர்ந்தவர், மாரூசியா தியாஸ் வெர்பெக். ஆனால் இம்முறை ஆட்கள் வேறு. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். பிரேக் நடனம் ஆடுகிறவர்கள், பந்தைக் காலில் விளையாட்டுக் காட்டுகிறவர்கள் எல்லாம் பழைய கரண வித்தையோடு கலந்தார்கள். உடைக்கும் காட்சி அமைப்புக்கும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஹஸன் ஹஜ்ஜாஜ் வந்தார். லராஷ் நகரத்தில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர்; சோடாப் பேணிகளையும் சந்தைத் துணிகளையும் கொண்டு மொரோக்கோவை ஆடம்பரமாகக் காட்டுகிறவர். பாலைவனமும் ஒட்டகமும் தேடிவந்த கண்ணுக்கு இந்த இளைஞர்கள் தங்கள் தெருவைக் காட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் சுவரொட்டிக்கு 150 ஆண்டுக்குப் பிறகு வந்த பதில் அது.

ஸலாவின் பள்ளிக்கூடம்

இன்னொரு வழியும் இருக்கிறது. தலைநகர் ரபாத்துக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸலா நகரம். அங்கே தெருவில் வாழும் பிள்ளைகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனம் 1999இல் 'ஷம்ஸீ' என்ற சர்க்கஸ் பள்ளியைத் தொடங்கியது. 'என் சூரியன்' என்று பொருள். ஃகினாவாக் கோட்டை என்ற பழைய கோட்டைக்குள் கூடாரம் அடித்துத் தொடங்கிய அந்தப் பள்ளி, பிறகு நாட்டின் முறையான சர்க்கஸ் கல்வி நிலையமாக வளர்ந்தது. படிப்பை விட்ட பிள்ளை, வீடில்லாத பிள்ளை, அங்கே ஒரு தொழிலைக் கற்றுச் சான்றிதழோடு வெளியேறுகிறது. முன்பு முகத்தமிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைக்கு இல்லாத ஒன்று இந்தப் பிள்ளைக்கு இருக்கிறது: தன் உடலின் உழைப்பு தனக்கே சொந்தம் என்ற உரிமை.

கிடைத்ததும் போனதும்

இனி நாம் கேட்ட கேள்விக்கு வருவோம்.

கிடைத்தது என்ன? மாதச் சம்பளம், பெயர், மரியாதை. மற்றது, பெண்களுக்கு ஓர் இடம். ஆண்களின் தொழிலாகவே இருந்த இந்த வித்தையில் இன்று பெண்களும் கோபுரம் ஏறுகிறார்கள். ஒரு பெண்தான் இந்தக் குழுவையே கட்டி எழுப்பினார்.

போனது என்ன? முதலாவது, வட்டம். அரங்கில் சனம் ஒரு பக்கத்தில் இருட்டில் இருக்கிறது. காசு வாசலிலேயே கட்டியாயிற்று. பிடித்தால் நின்று பிடிக்காவிட்டால் போகிற சந்தைச் சனத்தின் நேரடித் தீர்ப்பு இல்லை. இரண்டாவது, சொந்த ஊரின் ஏழைப் பார்வையாளர். பரிஸில் பார்க்கக் கிடைக்கும் படைப்பு தஸர்வால்த் கிராமத்துக்கு எத்தனை முறை போகும்? மூன்றாவது, துஆவின் இடம். அரங்கில் பாடும்போது ஒரு வலியின் பெயர் 'பாரம்பரிய இசை' ஆகிவிடுகிறது. கேட்பவருக்கு அது ஓர் ஓசை மட்டுமே.

மொரோக்கோவிலும் மார்க்கம் சார்ந்த விவாதம் இல்லாமல் இல்லை. ஸியாரத்தையும் மூஸிமையும் ஏற்காதவர்கள் உண்டு. இசையை ஏற்காதவர்கள் உண்டு. பெண்கள் மேடை ஏறுவதை விரும்பாதவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், தஸவ்வுஃபைத் தங்கள் நாட்டின் மார்க்க அடையாளங்களில் ஒன்றாகவே கருதுகிறவர்களும் உண்டு. அந்த விவாதத்துக்கு இங்கே தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். யாரும் பேசாத, யாரும் எழுதி வைக்காத ஒரு மரபு விவாதத்தில் தோற்பதில்லை. சத்தமில்லாமல் செத்துப் போகிறது. மொரோக்கோவில் குறைந்தது அது பேசப்படுகிறது, படம் பிடிக்கப்படுகிறது, பள்ளியில் கற்பிக்கப்படுகிறது.

நம்மிடமும் களிக்கம்பு இருந்தது. சீனடி, சிலம்படி இருந்தது. றப்பான் தட்டிப் பாடும் பக்கீர் பைத்தும், ரிபாயி ராத்திபும் இருந்தன. சில ஊர்களில் இன்னும் இருக்கின்றன. இவற்றை நாமும் உடனே அரங்கில் ஏற்ற வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. அரங்கில் ஏற்றினால் என்ன போகும் என்பதை மேலே பார்த்தோம். ஆனால் களிக்கம்பின் அடவுகள் எத்தனை, அவற்றின் பெயர்கள் என்ன, எந்தப் பாட்டுக்கு எந்த அடவு, எந்த அண்ணாவியார் யாரிடம் கற்றார் என்ற கணக்கை ஊர் ஊராக எழுதி எடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. கற்றவர்கள் உயிரோடு இருக்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. தன்ஜாவின் இளைஞர்கள் 'ஹல்கா'வைத் தாங்களே படைக்க முடிந்ததற்குக் காரணம், அவர்களுடைய வாப்பாமாரும் அப்பாமாரும் கடற்கரையில் கற்றுக் கொடுத்ததை அவர்கள் மறக்காமல் இருந்ததுதான்.